நாலாவது பத்தி

1956-ஆம் வருடம் சிங்கப்பூரில் ஓர் அரசாங்க வாரியத்தில் எனக்குக் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை கிடைத்தது. வாரியத்தின் பெயர் ஆங்கில உச்சரிப்புச் சீரமைப்பு வாரியம். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும். மீதிப் பாதி, பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்குக் கிளம்புவதோடு முடியும்.

நாட்டுக்குச் சுயாட்சி வரப்போகிறது என்று காப்பிக் கடை தோறும் பேசிக்கொண்டிருந்த காலம். அதைக் கையில் வாங்கும் நேரத்தில் நம் ஆட்கள் அந்தச் சொல்லைத் தப்பாக உச்சரித்துத் தொலைத்துவிடக் கூடாதே என்று மேலிடத்துக்குக் கவலை. ஆகவே, பொதுமக்கள் காதில் விழும்படி பேசுகிற எல்லா அரசாங்க ஊழியரையும் சோதித்து, பிழைகளை நீக்கி, சான்றிதழ் கொடுப்பதற்காக எங்களை உட்கார்த்தி வைத்தார்கள். ஹை ஸ்திரீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாலு மாடிக் கட்டடம். நாலாவது மாடி எங்களுக்கு.

எங்களிடம் ஒரு பெரிய பதிவேடு இருந்தது. அதில் மூன்று பத்திகள்: சீனர் பிழைகள், மலாய்க்காரர் பிழைகள், இந்தியர் பிழைகள். சீனர் முப்பத்தெட்டு, மலாய்க்காரர் முப்பத்தொன்று, இந்தியர் நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு என்று பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஏதோ ஒன்றில் முதலாவதாக வந்திருக்கிறோம். பாதி வெள்ளைக்காரரான யூரேசியர்கள் தங்களை எந்தப் பத்தியில் போடப்போகிறீர்கள் என்று கேட்டு எழுதிய கடிதம் நான் இருந்தவரைக்கும் பரிசீலனையில் இருந்தது.

எங்கள் டைரக்டர் மிஸ்டர் ஹெய்டன். உயரமான மனிதர். அவர் பேசினால் அழகாக இருக்கும். ஒவ்வொரு சொல்லும் சலவைக்குப் போய் மடித்து வந்ததுபோல் இருக்கும். வாரியத்தின் திறப்பு விழாவில் அவர் பேசியது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

"கனவான்களே, சீமாட்டிகளே! ஒரு மனிதன் வாயைத் திறந்தவுடனே அவன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, அவனுடைய தகப்பன் என்ன தொழில் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமானால், அது நாகரிகமல்ல. எந்த ஊரிலிருந்தும் வராதவனைப் போலப் பேசுவதே நாகரிகம். அதற்கு நானே உதாரணம். என் பேச்சிலிருந்து என்னைப் பற்றி உங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வாரியத்தின் கருவிகள் மூன்று. ஒரு முகக்கண்ணாடி, உதட்டைப் பார்த்துக்கொள்ள. ஒரு மரக்குச்சி, நாக்கை அமுக்க. ஒரு டஜன் மெழுகுவத்தி, மூச்சின் அளவைப் பார்க்க. வத்தியை வாய்க்கு நேரே பிடித்துச் சொல்லைச் சொல்லவேண்டும். சில சொல்லுக்குச் சுடர் ஆடவேண்டும், சில சொல்லுக்கு ஆடக்கூடாது. மலாய்த் தபால்காரர் ஒருவருக்கு மீசை கருகிப்போனது. அதைப் 'பயிற்சியின் முதல் பலன்' என்று அறிக்கையில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

இப்போது லிப்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் பெயர் அப்துல் முத்தலிப். நாற்பத்திரண்டு வயது. காக்கி உடுப்பு, பித்தளைப் பொத்தான், எப்போதும் சிரிக்கத் தயாராக இருந்து சிரிக்காமலே விட்டுவிடுகிற முகம். இரும்புக் கதவை இழுத்துச் சாத்திக் கைப்பிடியைத் திருப்புவதற்கு முன்னால், ஏறியவரைப் பார்த்து, "வேர் பீ ஈ டூ, சார்?" என்று கேட்பார். முதல் நாள் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. டச்சு மொழியோ என்று நினைத்தேன். எந்த மாடிக்குப் போகணும் என்றுதான் கேட்டிருக்கிறார். லிப்டு முதல் மாடியில் போய் நின்றதும், "வர்ஸ்ட் வ்ளோர்ர்" என்பார். அந்தக் கடைசி 'ர்' அடுத்த மாடி வரைக்கும் கூட வரும்.

தேக்காவில் கெர்பாவ் ரோட்டில்தான் அவரும் குடியிருந்தார், நானும். ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து சேர்ந்து நடக்கும்போது கேட்டேன்.

"பாய், இந்த இங்கிலீஷ எங்க புடிச்சீங்க?"

"நேவல் பேஸ்ல தம்பி. லஸ்கம்னு ஒரு ஃபோர்மன். டெவன்னு அவங்க சீமையில ஒரு ஊராம், ஆப்பிள் தோட்டம்லாம் இருக்குமாம். சண்டை முடிஞ்சதுலேர்ந்து எட்டு வருஷம் அவருக்குக் கையாளு நான். பகல் சாப்பாடு ஒரே பலகையில உக்காந்துதான். எனக்கு ஒரு எழுத்து தெரியாது. அவரு வாயப் பாத்துப் பாத்து வந்ததுதான் எல்லாம்."

"இப்ப எங்க அவரு?"

"ரிட்டையராகி ஊருக்குப் போயிட்டாரு. பேஸ்ல என்னையும் நிறுத்திட்டாங்க. ரெண்டு கிறிஸ்மஸுக்குக் கார்டு போட்டாரு. போன வருஷம் வரல." ரோட்டைக் கடந்ததும் தொடர்ந்தார். "மத்த வெள்ளக்காரன்கிட்ட இதப் பேசினா கேலி பண்றேன்னு மொறைக்கிறான். நம்மாளுகிட்டப் பேசினா சிரிக்கிறான். லிப்டுல ஒரு நாளைக்கு நூறு பேருகிட்ட 'வேர் பீ ஈ டூ'ங்கிறேன் பாருங்க, அதான் தம்பி மிச்சம்."

மறு வருடம் அந்த மிச்சத்துக்கும் ஆபத்து வந்தது. ஓர் அதிகாரியின் மனைவி புகார் எழுதினாள்: லிப்டுக்காரன் இங்கிலாந்து நாட்டுப்புறத்தாரைப் போல நடித்து, பிரிட்டிஷ் மக்களை அவமதிக்கிறான். கடிதம் வந்ததும் வாரியத்தில் கல்யாணக் களை. அதுவரைக்கும் எங்களைத் தேடி ஒரு புகாரும் வந்ததில்லை.

முத்தலிப்பைச் சோதித்தோம். இந்தியர் பத்தியை எடுத்து நாற்பத்திரண்டு பிழைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றுகூட அவரிடம் இல்லை. மலாய்க்காரர் பத்தி, அதிலும் இல்லை. சீனர் பத்தி, அதிலும் இல்லை. மெழுகுவத்தி, நாங்கள் அதுவரை பார்க்காத ஒரு திசையில் ஆடியது. டைரக்டர் மட்டும் சோதனை முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி நின்றுகொண்டிருந்தார். வெயில் கண்ணில் படுகிறது என்று நினைத்தேன்.

முடிவு எழுதவேண்டியது நான். 'பிழை இல்லை, ஆனால் சரியும் இல்லை' என்று எழுதினேன்.

இங்கேதான் விதி 11 குறுக்கே வந்தது. பதிவேட்டில் உள்ள பிழையை மட்டுமே வாரியம் நீக்கலாம். இல்லாத பிழையை நீக்கமுடியாது. நீக்காமல் சான்றிதழ் கிடையாது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் சான்றிதழ் இல்லையென்றால் லிப்டு வேலை கிடையாது. நாற்பத்திரண்டு வயதில், ஒரு எழுத்துத் தெரியாதவரை வேறு எங்கே எடுத்துக்கொள்வார்கள்?

டைரக்டர் ஒரு நாள் முழுக்க யோசித்து ஓர் ஆணை போட்டார். 'இவ்வூழியர் இந்தியராக இருந்தும் இந்தியப் பிழைகள் இல்லாதவராயிருப்பதால், முதலில் அப்பிழைகள் இவருக்குக் கற்பிக்கப்படவேண்டும். பின்னர் அவை முறைப்படி நீக்கப்படும். பயிற்சியாளர்: கிராணி செல்லக்கண்ணு.'

செல்லக்கண்ணு நான்தான்.

"ஐயா, நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்தவன். எனக்கு எப்படிப் பிழையாகக் கற்பிக்கத் தெரியும்?" என்று கேட்டேன்.

டைரக்டர் கனிவோடு என் தோளில் கை வைத்தார். "தன்னடக்கம் வேண்டாம், மிஸ்டர் செல்லக்கண்ணு. நாற்பத்திரண்டில் முப்பத்தொன்பது உங்களிடம் இருக்கிறது. அந்தப் பத்தியைத் தயாரிக்கும்போது நாங்கள் உங்களைத்தான் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக் குறித்துக்கொண்டோம்."

அன்று மாலை வரைக்கும் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஆறு வாரம் பாடம் நடத்தினேன். நான் எப்படிப் பேசுகிறேனோ அப்படிப் பேசுவதுதான் பாடம். முத்தலிப் நல்ல மாணவர். 'வர்ஸ்ட் வ்ளோர்ர்' போய் 'பஸ்ட் ப்ளோர்' வந்தது. 'எக்' என்ற முட்டை 'யெக்' ஆனது. நாலாவது வாரம் தேக்காவில் சேக் தாவூதின் சரபத் கடையில் அவர் எனக்கு இரண்டு வாக்கியம் பேசிக் காட்ட, தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த சேக் தாவூது அப்படியே நின்றுவிட்டார்.

"இப்பத்தான்லா முத்தலிபு, ஒன் இங்கிலீஷு எனக்கே விளங்குது! முன்னால நீ பேசினா கப்பல்ல சங்கு ஊதற மாதிரி இருக்கும்."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். முத்தலிப்பும் சிரித்தார். வெளியே வந்ததும் சொன்னார்:

"எல்லாருக்கும் சந்தோசமா இருக்கு தம்பி. எனக்கு மட்டும் வீட்டுல யாரோ மௌத்தாப் போயிட்ட மாதிரி இருக்கு."

நாளைக்கு 'வி' எழுத்துப் பாடம் என்று சொன்னேன்.

பயிற்சி முடிய இரண்டு நாள் இருக்கும்போது அது நடந்தது. பகல் மூன்று மணி, வெளியே இடியும் மழையும். டைரக்டரும் நானும் லிப்டில் ஏறினோம். "விச் ப்ளோர், சார்?" என்று முத்தலிப் பாடப்படி கேட்டார். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கரண்டு போய், லிப்டு நின்றது. நாலு பக்கமும் செங்கல் சுவர். கை நீட்டினால் கை தெரியாத இருட்டு.

டைரக்டருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. கதவை இரண்டு கையாலும் உலுக்கினார். கதவு ஆட, லிப்டும் ஆடியது. கப்பல் பட்டறையில் சாரத்தின் மேலே பயந்து நின்றவர்களை லஸ்கம் எப்படி இறக்கினாரோ, முத்தலிப்புக்கு அது ஞாபகம் வந்திருக்கவேண்டும். ஆறு வாரப் பாடமும் பறந்துபோனது.

"பைட் ஸ்டில், மை ஸன்," என்றது அவர் குரல். "அஸ்'ல் பீ அவுட் ட்ரெக்லி."

ஆடாம இரு மகனே, வெளிய போயிரலாம் என்று அர்த்தம். ஒரு லிப்டுக்காரர் ஒரு டைரக்டரை மகனே என்று கூப்பிட்டுவிட்டார். அவர் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

கதவை உலுக்குவது நின்றது. பிறகு இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அதே ஊர்ப் பேச்சு, அதே நீண்ட 'ர்'. ஆனால் முத்தலிப்பின் குரல் இல்லை.

அவர் பேசியதை அப்படியே எழுத எனக்கு எழுத்துப் போதாது. தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்:

"எங்கப்பா இப்படித்தான் சொல்லுவாரு. மாடு கன்னு போடறப்ப மாட்டுகிட்டச் சொல்லுவாரு, இடி இடிச்சா எங்கிட்டச் சொல்லுவாரு. டெவன்ல மாட்டுப் பண்ணையில வேலை அவருக்கு. நான் லண்டன் போய்ப் படிச்சேன். ஒரு வருஷத்துல பேச்ச மாத்திக்கிட்டேன். எனக்குப் பத்தொம்பது வயசு. ஒருநாள் சொல்லாம கொள்ளாம என்னப் பாக்க ஸ்டேஷனுக்கு வந்து நிக்கிறாரு, கையில ஒரு கூடை ஆப்பிளு. கூட என் சிநேகிதனுங்க இருந்தானுங்க. யாருன்னு கேட்டானுங்க. எங்க வீட்டுத் தோட்டக்காரன்னு சொல்லிட்டேன்."

வெளியே மறுபடி இடித்தது, அதே குரல் தொடர்ந்தது:

"அவரு காதுல விழுந்திருச்சு. தொப்பியக் கழட்டி என்னை 'சார்'னு கூப்பிட்டாரு. கூடையக் கீழ வெச்சிட்டு, 'வரேன் சார்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அப்பறம் நான் ஊருக்கே போகல. இருவத்தாறு வருஷமா இந்தப் பேச்ச நான் பேசல."

முத்தலிப் டெவன் பேச்சில் ஏதோ மெல்லச் சொன்னார். டைரக்டர் சிரித்தார், அல்லது அழுதார். இருட்டில் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான். நான் மூலையில் மூச்சுக்கூட விடாமல் நின்றேன். அந்தப் பெட்டிக்குள் நான் ஒருவன்தான் அந்நியன் என்று தோன்றியது.

கரண்டு வந்தது. டைரக்டர் டையைச் சரி செய்துகொண்டார்.

"மிஸ்டர் செல்லக்கண்ணு, தாமதம் பன்னிரண்டு நிமிடம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்."

அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளையில் அவர் காரணமில்லாமல் லிப்டில் ஏறி மேலும் கீழும் போவார். கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் ஏறும், இறங்கும். முத்தலிப்பின் முகத்தில் அந்தச் சிரிப்பு முதல் தடவையாக முழுசாக வந்தது. இரண்டு வருஷமாக வராமலிருந்த கார்டு வந்துவிட்டது போல இருந்தார்.

ஆனால் ஆணை தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. இந்தியப் பிழைகள் கற்றாகிவிட்டது. அடுத்தது அவற்றை நீக்கும் பயிற்சி. எட்டு வாரம், தினம் ஆறு மணி நேரம், மெழுகுவத்தியோடு. அதற்குள் போய் வந்தவர் வாயில் பழையது எதுவும் தங்கியதில்லை.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். "அந்த ஆணையை நிறுத்த வழி உண்டா?"

"விதி 14 இருக்கிறது ஐயா. பதிவேட்டில் நாலாவது பத்தி ஒன்று திறக்கலாம். 'டெவன்' என்று தலைப்பு. இது பிழையல்ல, ஓர் ஊரின் முறையான பேச்சு என்று அந்த ஊரில் பிறந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும். முத்தலிப்புக்கு இன்றைக்கே சான்றிதழ் கொடுத்துவிடலாம்."

"யார் எழுதிய விதி அது?"

"தாங்கள் எழுதியதுதான் ஐயா."

பதிவேட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். மூன்று பத்திக்குப் பக்கத்தில் நாலாவதற்கு நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன். அடியில் 'பிறந்த ஊர், கையெழுத்து' என்று எழுதியிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சல் அந்தக் கோடுதான். அவர் பேனாவைத் திறந்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் அந்த வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பேனாவை மூடினார்.

"வாரியத்தின் மேல் மக்களுக்கு உள்ள நம்பிக்கையை நாம் யோசிக்கவேண்டும், மிஸ்டர் செல்லக்கண்ணு. டைரக்டருக்கு ஓர் ஊர் இருக்கிறது என்று தெரிந்தால், ஊழியர்கள் எதைப் பார்த்துப் பேசப் பழகுவார்கள்? திட்டப்படி நடக்கட்டும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "எஸ், சார்," என்றேன். அதிலும் ஒரு இந்தியப் பிழை இருந்தது.

எட்டு வாரம். மூன்றாவது வாரம் முத்தலிப்புக்கு உதடு வெடித்தது. அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவரு கையெழுத்துப் போடலியா தம்பி?" இல்லை பாய் என்றேன். "சரி. அவருக்கும் வேலைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்று சொல்லிவிட்டு வத்தியின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

டிசம்பர் இருபதாம் தேதி தேறினார். 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்று அவர் சொன்னபோது சுடர் ஆடவேண்டிய அளவுக்கு ஆடி நின்றது. ஊரில்லாத குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டைரக்டரே பேசுவதுபோல் இருந்தது. பதிவேட்டில், 'மீதமுள்ள பிழை: இல்லை' என்று எழுதினேன். சான்றிதழைச் சட்டம் போட்டு லிப்டுக்குள்ளேயே மாட்டினார்கள். வேலை நிரந்தரமாயிற்று.

மறுநாளிலிருந்து டைரக்டர் நாலு மாடியும் படியேறி வர ஆரம்பித்தார். டாக்டர் சொன்னாராம்.

அந்தப் பக்கம் தேக்காவில், சேக் தாவூது கடையில் முத்தலிப் வாயைத் திறந்தால் எல்லாரும் எழுந்து நிற்காத குறை. "தொரை வந்துட்டாருலா," என்பார்கள். மெள்ள மெள்ள அவர் கடைக்குப் போவதை நிறுத்தினார். லிப்டில் ஏறுகிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு விறைப்பாக நிற்பார்கள். வீட்டிலும் லிப்டிலும் அவர் தனியாகத்தான் இருந்தார்.

1959 ஜூன் மாதம் சுயாட்சி வந்தது. யாரும் அதை உச்சரிப்புப் பார்த்து வாங்கவில்லை. கத்திக் கூச்சலிட்டுத்தான் வாங்கினார்கள். வாரியத்தை மூடச் சொல்லி ஒற்றை வரியில் உத்தரவு வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் கப்பலேறத் தொடங்கினார்கள்.

டைரக்டர் கிளம்பும் நாள். இரண்டு கைப்பெட்டிகள், படியில் இறங்கமுடியாது. ஒன்றை நான் தூக்கிக்கொண்டேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் அதே லிப்டுக்குள் நின்றோம். முத்தலிப் கதவைச் சாத்தினார். மூன்றாவது மாடி கடந்தது. அன்றைக்கு லிப்டு நின்ற இடம் கடந்தது. டைரக்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தபடி, மிக மெதுவாகக் கேட்டார்:

"வேர் பீ அஸ் டூ, முத்தலிப்?"

எங்கே இருக்கிறோம் நாம்? அவர் கேட்டதில் அந்த நீண்ட 'ர்' இருந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு, வெளிச்சத்தில், இன்னொரு ஆள் முன்னால் பேசினார்.

கைப்பிடியின் மேலே முத்தலிப்பின் கை நின்றது. உதடு இரண்டு தடவை திறந்து மூடியது. கீழே வந்து சேர்ந்துவிட்டோம்.

"கிரவுண்ட் ஃப்ளோர், சார்," என்றார் முத்தலிப். "மைண்ட் தி ஸ்டெப், ப்ளீஸ்."

குற்றம் சொல்ல முடியாத உச்சரிப்பு.

டைரக்டர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டார். பிறகு, "தேங்க் யூ, சார்," என்று சொல்லிவிட்டு, படியில் தடுக்காமல் இறங்கிப் போனார். பெட்டியைக் காரில் வைத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, முத்தலிப் கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நெஞ்சு வரைக்கும் வந்துச்சு தம்பி," என்றார். "வாய்க்கு வரல."

"விடுங்க பாய்."

"அவரோட அத்தாவும் அன்னிக்கு ஸ்டேஷன்ல இப்படித்தான் நின்னுருப்பாரு, இல்ல?"

நாலாவது மாடியிலிருந்து யாரோ மணி அடித்தார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு மேலே போனார்.